திருடனுக்குப் பூட்டு, தீக்குத் திறப்பு: ஒரு கதவின் வரலாறு

இன்னைக்கு எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு. நடு ராத்திரி. கரண்ட் இல்லை. ஹால் முழுக்கப் புகை. உங்க பெட்ரூம்ல இருந்து தெருவுக்கு வர எத்தனை பூட்டைத் திறக்கணும்? அந்தச் சாவியெல்லாம் இப்போ எங்க இருக்கு? டார்ச் இல்லாம, கையால தடவியே எடுத்துட முடியுமா?

நான் இதைக் கோவளத்துல இருந்து பதிவு பண்றேன். இங்கேயும் சரி, கேளம்பாக்கம், நாவலூர், தாம்பரம் பக்கமும் சரி, வழக்கமா பார்க்கிற செட்டப் ஒண்ணுதான். மரக்கதவுக்கு ஒரு பூட்டு. அதுக்கு வெளியே இரும்பு கிரில் கேட், அதுல ஒரு தொங்குபூட்டு. கீழே காம்பவுண்டு கேட்டுக்கு இன்னொண்ணு. ஜன்னல் எல்லாத்துக்கும் கம்பி. ஈசிஆர் ஓரத்துல வார இறுதிக்கு வாடகைக்கு விடுற வில்லாக்கள்ல கேமராவும் சேர்ந்துக்கும். இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில்: திருடன் வரக் கூடாது.

சரி. ஆனா தீ வந்தா?

திருட்டுக்கு எதிரான பாதுகாப்பு, கதவு மூடியே இருக்கணும்னு கேட்கும். தீக்கு எதிரான பாதுகாப்பு, அதே கதவு உடனே திறக்கணும்னு கேட்கும. ஒரே கதவுகிட்ட இரண்டு பேரும் எதிரெதிரா கேட்கிறாங்க. இந்தச் சண்டையில பெரும்பாலும் திருடன் பயம்தான் ஜெயிச்சிருக்கு. அதுக்கு மனுஷங்க கொடுத்த விலைதான் இன்னைக்குக் கதை. இதுக்கு ஒரு நல்ல தீர்வு நூறு வருஷத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. நம்ம வீட்டுக்குள்ள மட்டும் அது இன்னும் சரியா வந்து சேரல.

கன்னக்கோல் காலம்

பழைய தமிழ்ல வீடு புகுந்து திருடுறதுக்கு ஒரு பேர் இருக்கு: கன்னம் வைக்கிறது. கன்னம்னா சுவர்ல போடுற ஓட்டை. அதைப் போடுற கருவி கன்னக்கோல். மண் சுவர் வீட்டுக்குத் திருடன் கதவு வழியா வர வேண்டிய அவசியமே இல்லை. பின் சுவரைக் குடைஞ்சு உள்ளே வந்துடுவான். அதனால கதவுல எவ்வளவு பெரிய பூட்டு தொங்கினாலும் பெரிய பலன் இல்லை.

அந்தக் காலத்துப் பாதுகாப்பு பூட்டைவிட ஆளை நம்பித்தான் இருந்தது. கல்வெட்டுகள்ல பாடிகாவல்னு ஒரு வரி வரும். ஊரைக் காவல் காக்கிறதுக்காக வசூலிச்சது. இன்னைக்கு நாம கட்டுற அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ்ல செக்யூரிட்டி சம்பளம்னு ஒரு வரி இருக்கே, அதோட பாட்டன்னு வச்சுக்கலாம்.

வீட்டு அமைப்பையும் கவனிங்க. முன்னாடி வாசல், பின்னாடி கொல்லை. ராத்திரி கதவை அடைக்கிறது உள்பக்கத் தாழ்ப்பாள். தாழ்ப்பாளுக்குச் சாவி கிடையாது. உள்ளே இருக்கிற குழந்தைகூட இழுத்துட்டு ஓடலாம். வெளியே இருக்கிறவன்தான் கஷ்டப்படணும்.

கோட்டை, கோயில் பெருங்கதவுகள்லயும் இந்த யோசனை உண்டு. ராத்திரி பெரிய கதவைச் சாத்தின பிறகும் ஆள் போய் வர, அந்தக் கதவிலேயே ஒரு சின்னக் கதவு வச்சிருப்பாங்க. அதுக்குப் பேர் திட்டிவாசல். படை நுழைய முடியாது, ஒரு ஆள் வெளியே வரலாம். நம்ம கோவளத்துலகூட ஒரு கோட்டை இருந்தது. நவாப் காலத்துத் துறைமுகக் கோட்டை. பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1752ல் ராபர்ட் கிளைவ் பிடிச்சு, பிறகு தகர்க்கப்பட்டது. இன்னைக்கு அந்த இடத்துல கடலைப் பார்த்தபடி நட்சத்திர ஓட்டல் நிக்குது. அந்தக் கோட்டைக் கதவு எப்படி இருந்ததோ, ஆனா பெரிய கதவுக்குள்ள ஒரு சின்னக் கதவுங்கிற அந்த யோசனையை ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்பத் தேவைப்படும்.

மாங்காய் பூட்டு

செங்கல், சிமென்ட் சுவர் வந்ததும் கன்னக்கோலுக்கு வேலை குறைஞ்சுது. திருடனோட பார்வை கதவுப் பக்கம் திரும்பினது. அப்போ பூட்டு முக்கியமாச்சு.

தமிழ்நாட்டுல பூட்டுன்னா திண்டுக்கல். இரும்பும் பித்தளையும் வச்சுக் கையால செய்ற பூட்டு. அதுல ஒரு வகை மாங்காய் வடிவத்துல இருக்கும், மாங்காய் பூட்டுன்னே பேர். 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனி லீவர், அதுக்கேத்த தனிச்சாவி. அந்தக் கைவேலை மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு.

ஆனா ஒரு இன்ஜினியரா தொங்குபூட்டைப் பார்த்தா ஒரு விஷயம் தெரியும். அதுக்கு ஒரு பக்கம்தான் உண்டு. கதவோட எந்தப் பக்கம் தொங்குதோ அந்தப் பக்கத்து ஆளுக்கு மட்டும்தான் அது பூட்டு. மறுபக்கம் இருக்கிறவருக்கு அது சுவர். தாழ்ப்பாள் போட்ட வீட்டுல முடிவெடுக்கிறவர் உள்ளே இருப்பார். வெளியே தொங்குபூட்டு மாட்டின வீட்டுல முடிவெடுக்கிறவர் ஆபீஸ்ல இருப்பார், இல்லைன்னா ஊர்ல இருப்பார்.

வெறும் கிடங்குக்கு அது போதும். உள்ளே ஆள் இருந்தா?

டிக்கெட் சரிபார்க்க ஒரு இடுக்கு

இங்கிலாந்து போவோம். 1883 ஜூன் 16, சண்டர்லாண்ட் நகரம், விக்டோரியா ஹால். குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. முடியுற நேரத்துல, குறிப்பிட்ட டிக்கெட் எண் வச்சிருக்கிறவங்களுக்குப் பரிசுன்னு மேடையில அறிவிச்சாங்க. மாடியில இருந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கீழே ஓடி வந்தார்கள். படிக்கட்டின் அடியில் இருந்த கதவு உள்பக்கமாகத் திறப்பது. அதை ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டுத் தாழிட்டிருந்தார்கள். டிக்கெட்டை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க அது வசதி. முன்னால் வந்தவர்கள் இடுக்கில் சிக்க, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். 183 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே தீயே இல்லை. ஒரு கதவு மட்டும்தான்.

இதற்குப் பிறகு ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் 1892ல் ஒரு தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே இருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும் தாழ்ப்பாள்.

அடுத்து சிகாகோ. 1903 டிசம்பர் 30, இரோக்வாய் தியேட்டர். தீயே பிடிக்காத கட்டடம்னு விளம்பரம் செஞ்ச புத்தம் புது அரங்கம். விடுமுறை மதியக் காட்சி, நிறையப் பெண்களும் குழந்தைகளும். மேடையில் தீப்பிடித்தது. சில வழிகள் திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. சில கதவுகளில் பார்வையாளர்களுக்குப் பழக்கமில்லாத தாழ். மலிவு டிக்கெட் வாங்கியவர்கள் இறங்கி வந்து நல்ல இருக்கையில் உட்காரக் கூடாது என்று மாடிப்படி கேட்களையும் பூட்டி வைத்திருந்தார்கள். 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இண்டியானாபொலிஸ் நகரத்துல வானகட்னு ஒரு ஹார்டுவேர் கடை. பின்னாளில் எழுத்தாளரான கர்ட் வானகட்டின் குடும்பக் கடை. அங்கே வேலை பார்த்த கார்ல் பிரின்ஸ்லர் அன்னைக்கு அந்தக் காட்சிக்குப் போயிருக்க வேண்டியவர், போகல. தப்பிச்ச மனுஷனுக்கு அந்தக் கதவுகள் பற்றிய நினைப்பு போகவே இல்லை. ஹென்ரி டியூபாண்ட் என்ற கட்டடக் கலைஞருடன் சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் 1908ல் விற்பனைக்கு வந்த பேனிக் பார். மூணு பேரோட பேரையும் ஒட்டி வான் டுப்ரின்னு பிராண்ட் பேர் வச்சாங்க.

நீங்க மால்லயும் மல்டிபிளெக்ஸ்லயும் பார்த்திருப்பீங்க. கதவுக்குக் குறுக்கே இடுப்பு உயரத்துல ஒரு நீளமான பட்டை. கையால, முழங்கையால, ஏன், கூட்டம் தள்ளி உங்க உடம்பு அதுமேல போய் மோதினாலே கதவு வெளிப்பக்கமா திறக்கும். வெளியே இருந்து பார்த்தா அது முழுசாப் பூட்டின கதவு.

நம்ம பாஷையில சொன்னா, உள்ளே வர்ற டிராஃபிக்கைத் தடு, வெளியே போற டிராஃபிக்கை விடு. நெட்வொர்க் ஃபயர்வால்ல நாம எழுதுற ரூல் மாதிரியேதான். சொல்லப் போனா ஃபயர்வால்ங்கிற பேரே கட்டடக்காரங்ககிட்ட இருந்து நாம கடன் வாங்கினது. பேரை வாங்கின நாம, அந்த ரூலை வீட்டு வாசலுக்குப் போட மறந்துட்டோம்.

25 டாலர்

தீர்வு 1908லயே கடைக்கு வந்தாச்சு. அப்போ பிரச்சினை முடிஞ்சதா? மூணே வருஷம் கழிச்சு நியூயார்க்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடியும் நேரம். டிரையாங்கிள் ஷர்ட்வேஸ்ட் என்ற ஆடைத் தொழிற்சாலை, ஒரு கட்டடத்தின் 8, 9, 10வது மாடிகளில். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த இளம் பெண்கள். 8வது மாடியில் தீப்பிடித்தது. 9வது மாடியில் இருந்தவர்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. அவர்கள் ஒரு பக்கக் கதவுக்கு ஓடினார்கள். அது பூட்டியிருந்தது. வேலை முடிந்து எல்லோரும் மற்றொரு கதவு வழியாகத்தான் போக வேண்டும், அங்கே ஒவ்வொருவர் கைப்பையையும் சோதிப்பார்கள். துணி, லேஸ் எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது என்பதற்காக.

தீயணைப்பு வண்டியின் ஏணி 6வது மாடிவரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். பலர் ஜன்னலிலிருந்து குதித்தவர்கள்.

முதலாளிகள் இருவர் மீதும் வழக்கு நடந்தது. அந்த நேரத்தில் அந்தக் கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க முடியாததால் டிசம்பரில் விடுதலை ஆனார்கள். ஆனா அந்த விசாரணையில வந்த ஒரு பதிலை நான் மறக்கவே மாட்டேன். இதுவரை உங்க தொழிலாளிகள் திருடினதோட மொத்த மதிப்பு எவ்வளவுன்னு ஒரு முதலாளிகிட்ட கேட்டாங்க. 25 டாலருக்கும் குறைவுதான்னு அவர் ஒத்துக்கிட்டார்.

25 டாலருக்காக ஒரு பூட்டு, 146 உயிர். இரண்டு வருஷம் கழிச்சு அதே முதலாளிகள்ல ஒருத்தர் தன்னோட புதுத் தொழிற்சாலையில வேலை நேரத்துல கதவைப் பூட்டினதுக்காகத் திரும்பவும் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

அவரைக் கெட்டவர்னு சொல்லிட்டுப் போயிடலாம். எனக்கு அதைவிட முக்கியமா தோணுறது ஒண்ணு. திருட்டு பயம் தினமும் வரும். ஒரு முழம் லேஸ் குறைஞ்சா அன்னைக்கே கணக்குல தெரியும். தீ அப்படி இல்லை. வராத வரைக்கும் அதுக்கு எந்தக் கணக்குலயும் இடம் இல்லை. அதனால தினமும் காலையில கதவுகிட்ட நடக்கிற விவாதத்துல தீ சார்பா பேச ஆளே இருக்காது.

அதனாலதான் இந்தக் கதை ஊர் மாறி ஊர் திரும்ப வருது. 1991 செப்டம்பர் 3, அமெரிக்காவின் ஹேம்லட் நகரில் ஒரு கோழி இறைச்சி ஆலை, 25 பேர். இறைச்சி திருட்டுக்குப் பயந்து கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. 1993 மே 10, தாய்லாந்தில் கேடர் பொம்மைத் தொழிற்சாலை, 188 பேர். பொம்மையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு கதவுக்குப் பூட்டு. 2012 நவம்பர் 24, டாக்கா அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை, 112 பேருக்கு மேல். மாடிப்படியில் பூட்டிய மடக்கு கேட். அதே ஆண்டு செப்டம்பர் 11, கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை, 250 பேருக்கு மேல். அங்கே தீ வைக்கப்பட்டதுதான் என்று பின்னால் நீதிமன்றம் சொன்னது. தீ வைத்தவர் யாராக இருந்தாலும், ஜன்னலுக்குக் கம்பி போட்டதும் வழிகளைப் பூட்டியதும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

டெல்லி, ஏர்வாடி, தி.நகர்

இப்போ நம்ம ஊர். 1997 ஜூன் 13, டெல்லி, உபஹார் தியேட்டர். தரைத்தளத்தில் இருந்த மின்மாற்றியில் தீ. புகை பால்கனிக்கு ஏறியது. பால்கனியின் வலது பக்க வழி கூடுதல் நாற்காலிகள் போட்டு அடைக்கப்பட்டிருந்தது. கதவு தாழிடப்பட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறி. அங்கே இன்னொரு நாற்காலி போட்டா இன்னொரு டிக்கெட். அந்தக் கணக்குலயும் தீக்கு இடம் இல்லை.

தமிழ்நாட்டுக்கு வந்தா, நான் தயங்கித் தயங்கித்தான் அடுத்த பேரைச் சொல்றேன். ஏர்வாடி.

ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோர ஊர். தர்கா இருக்கும் இடம். மனநலம் பாதித்தவர்களைக் குடும்பத்தினர் நம்பிக்கையோடு அங்கே கொண்டு வருவார்கள். அவர்களைத் தங்க வைக்கத் தனியார் காப்பகங்கள் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. அவற்றில் ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அவர்களைக் கட்டினதுக்குச் சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு. வெளியே போய்த் தொலைஞ்சுடக் கூடாது, யாரையும் காயப்படுத்திடக் கூடாது. டிரையாங்கிள்ல பூட்டினது துணியைக் காப்பாத்த. ஏர்வாடியில கட்டினது மனுஷங்களையே காப்பாத்துறதா சொல்லிக்கிட்டு. தீ வந்தப்போ இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமப் போச்சு.

அதன் பிறகு அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் அரசுப் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95வது பிரிவு, மனநலம் பாதித்தவர்களை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சொல்கிறது.

சென்னையிலயே பார்க்கணும்னா தி.நகர். 2017 மே 31 அதிகாலை, உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீ. உள்ளே இருந்த ஊழியர்கள் மீட்கப்பட்டார்கள், அந்தத் தீயில் அவர்களில் யாரும் இறக்கவில்லை. ஆனால் கட்டடத்தின் முகப்பு முழுக்க அடைத்தது. புகை வெளியே வரவும் தண்ணீர் உள்ளே போகவும் வழி போதவில்லை. தீயணைப்பு வீரர்கள் சுவரைத் துளைத்துத்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. ஒரு நாளுக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மிச்சத்தை அரசு இடித்தது. இடிக்கும்போது இயந்திரம் ஓட்டிய ஒருவர் உயிரிழந்தார். அந்த நாட்களில் டிவியில் ஓடின ஒரு செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம்: உள்ளே இருக்கிற நகைப் பெட்டகம் என்ன ஆச்சு?

பெட்டகத்தைத் தீ தாங்குற மாதிரி செய்ய நமக்குத் தெரியும். தங்கம் உள்ளேயே இருக்கலாம், அதுக்கு மூச்சு விட வேண்டியதில்லை. வீட்டையும் கடையையும் பெட்டகம் மாதிரியே கட்ட ஆரம்பிச்சோம் பாருங்க, அங்கதான் சிக்கல்.

விதி என்ன சொல்லுது?

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்புல ஒரு வரி இருக்கு. அதோட சாரம்: வெளியேறும் வழிக் கதவு, வெளியேறுகிறவர் இருக்கிற பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். இந்த ஒரு வரிக்குள்ள சண்டர்லாண்ட், சிகாகோ, நியூயார்க் எல்லாம் இருக்கு.

இதை நம்ம ஆபீஸ்ல எப்படிச் செய்றாங்கன்னு பார்ப்போம். ஓஎம்ஆர் ஐடி கட்டடங்கள்ல கார்டைக் காட்டினா திறக்கிற கதவு இருக்கும். நிறைய இடத்துல அது மின்காந்தப் பூட்டு. கரண்ட் இருக்கிற வரைக்கும் காந்தம் பிடிச்சிருக்கும். கரண்ட் போனா விட்டுடும். ஃபயர் அலாரம் அடிச்சா அந்தப் பூட்டுக்குப் போற கரண்டைத் துண்டிக்கிற மாதிரி இணைச்சிருக்கணும். இதுக்குப் பேர் ஃபெயில்-சேஃப்: பழுதானா திறந்துக்கும். இன்னொரு வகை ஃபெயில்-செக்யூர்: பழுதானா மூடியே இருக்கும். சர்வர் ரூமுக்கு இரண்டாவது வகை வைப்பாங்க. அப்பவும் உள்பக்கம் கையால திறக்கிற கைப்பிடி இருக்கணும்.

நாம கோடு எழுதும்போது தினமும் கேட்கிற கேள்விதான் இது. சிஸ்டம் விழுந்தா எந்தப் பக்கம் விழணும்? ஆனா வீட்டு கிரில் கேட்டுக்குத் தொங்குபூட்டு வாங்கும்போது நாம யாரும் கேட்கிறதில்லை.

எங்க அபார்ட்மென்ட்ல மொட்டை மாடிக் கதவு பற்றி மூணு மீட்டிங் நடந்துச்சு. பூட்டணும்னு ஒரு கட்சி: தண்ணித் தொட்டி இருக்கு, சின்னப் பசங்க ஏறுறாங்க, பக்கத்துக் கட்டடத்துல இருந்து ஆள் தாவி வரலாம். திறந்து வைக்கணும்னு ஒரு கட்சி: கீழே புகை அடைச்சுட்டா மேலதான் போகணும். இரண்டு பக்கமும் நியாயம்தான். கடைசியில பேனிக் பார் வச்சு, அதைத் தள்ளினா அலாரம் அடிக்கிற மாதிரி செஞ்சோம். யார் வேணும்னாலும் மாடிக்குப் போகலாம், ஆனா ரகசியமா போக முடியாது. வெளியே இருந்து தாவி வர்றவனுக்கு அது வெறும் கதவு. இதான் நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன திட்டிவாசல்.

தாம்பரத்துல இருந்து ஒரு மெயில்

இந்த எபிசோடுக்குக் காரணமே ஒரு மெயில்தான். தாம்பரத்துல இருக்கிற ஒரு நேயர். சிறுசேரியில வேலை. அம்மாவுக்கு ஞாபக மறதி நோய். இரண்டு தடவை அம்மா தனியா வெளியே போய், ஒரு தடவை ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்துல கண்டுபிடிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் காலையில ஆபீஸ் கிளம்பும்போது கிரில் கேட்டை வெளியே பூட்டிட்டுப் போறாங்க. பார்த்துக்கிற அம்மா வர்றதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அவங்ககிட்ட ஒரு சாவி இருக்கு. நேயர் கேட்ட கேள்வி: "நான் செய்றது தப்பா? பூட்டலைன்னா அம்மா ரோட்டுக்குப் போயிடுவாங்க."

அக்கா, உங்களைத் தப்புன்னு சொல்ற தகுதி எனக்கு இல்லை. ஜிஎஸ்டி ரோடு தினமும் இருக்கிற ஆபத்து. தீ என்னைக்கோ வரலாம், வராமலும் போகலாம். நீங்க கண்ணால பார்த்த ஆபத்துக்குப் பூட்டு போட்டிருக்கீங்க. ஆனா ஏர்வாடி பற்றிப் படிச்ச பிறகு, பூட்டு இருக்கட்டும்னு என்னால சொல்லவும் முடியல.

அதனால இதைப் பற்றித் தெரிஞ்ச சிலர்கிட்ட கேட்டு, என்னால முடிஞ்ச பதிலைத் தயார் பண்ணியிருக்கேன். முதல்ல அந்த ஒன்றரை மணி நேரத்தைக் குறைக்கப் பாருங்க. பார்த்துக்கிறவங்க சீக்கிரம் வர முடியுமா, இல்லை பக்கத்து வீட்டுல யாராவது உட்கார முடியுமா? அந்த மாற்றத்துக்கு ஆகுற செலவுதான் இதுல உண்மையான பாதுகாப்புச் செலவு. இரண்டாவது, பூட்டோட வேலையைச் சென்சாருக்குக் கொடுங்க. கதவு திறந்தா சத்தம் போட்டு உங்க போனுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தகவல் அனுப்புற சின்னக் கருவி இருக்கு. கதவு திறக்கும், ஆனா தெரியாம திறக்காது. மூணாவது, அதுவரைக்கும் பூட்டித்தான் ஆகணும்னா, ஒரு நிமிஷத்துல வந்து திறக்கக்கூடிய இரண்டு பேர்கிட்ட சாவி இருக்கணும், அம்மா உள்ளே இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். கிளம்பும்போது கேஸ் ரெகுலேட்டரை மூடுங்க, சாமி விளக்கை அணைச்சுடுங்க, அயர்ன் பாக்ஸ் பிளக்கைப் பிடுங்குங்க.

சாவி ஒரே ஒருத்தர்கிட்ட, அதுவும் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதுதான் இதுல மோசமான நிலைமை. அதை மட்டும் இன்னைக்கே மாத்திடலாம்.

நம்ம எல்லாருக்கும்

வீட்டுக் கதவுக்கு, உள்ளே குமிழைத் திருகினா சாவி இல்லாம திறக்கிற பூட்டு எந்த ஹார்டுவேர் கடையிலயும் கிடைக்கும். கிரில் கேட்டுல தொங்குபூட்டுக்குப் பதிலா அதே வகைப் பூட்டைப் பொருத்திக்கலாம். குமிழை வெளியே இருந்து கை விட்டு எட்டாத மாதிரி அந்த இடத்துக்கு மட்டும் ஒரு தகடு அடிச்சா, திருடன் கவலையும் போச்சு. அதுவரைக்கும் ராத்திரியில சாவி ஒரே ஆணியில, ஒரே இடத்துல. கதவுக்குப் பக்கத்துல, ஆனா ஜன்னல்ல இருந்து எட்டாத தூரத்துல. வீட்டுல எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துப் பழகணும்.

ஜன்னல் கம்பி எல்லாத்தையும் எடுக்க வேண்டாம். ஒரு ரூமுக்கு ஒண்ணாவது உள்ளே இருந்து கொக்கி விடுவிச்சுத் திறக்கிற கிரில்லா இருந்தா போதும். புது வீடு கட்டுறவங்க வெல்டிங்காரர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. தீப்பிடிச்ச ரூமை விட்டு வெளியே வந்ததும் அந்தக் கதவைச் சாத்திட்டு வாங்க. புகை பரவுறது தாமதமாகும். புகையில நிமிர்ந்து நடக்காதீங்க, தவழ்ந்து வாங்க. லிஃப்ட் வேண்டாம். வெளியே வந்ததும் 101 அல்லது 112. பூட்டின கதவுக்குப் பின்னாடி யாராவது இருந்தா முதல் வாக்கியமே அதுவா இருக்கட்டும்.

கடை, பட்டறை வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. ராத்திரி வேலைப் பசங்களை உள்ளே படுக்க வச்சுட்டு, ஷட்டரை வெளியே இருந்து பூட்டிட்டுப் போற பழக்கத்தை நம்ம பக்கத்துலயே நான் பார்த்திருக்கேன். சரக்குக்கு அவங்க காவல், அவங்களுக்கு யாரும் காவல் இல்லை. உள்ளே ஆள் தூங்குற இடத்துல, ஒரு கதவாவது உள்ளே இருக்கிறவர் கையால திறக்கணும். அந்தக் கதவு வழியா சரக்கு போயிடும்னு பயமா இருந்தா, அதுக்கு நேரா ஒரு கேமரா வைங்க. பூட்டு வைக்காதீங்க.

இன்னைக்கு ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு தடவை லைட்டை அணைச்சுட்டு, பெட்ரூம்ல இருந்து தெருவரைக்கும் நடந்து பாருங்க. வீட்டுல இருக்கிற எல்லாரையும் கூட்டிக்கிட்டு. எத்தனை நிமிஷம் ஆச்சு, எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.